யாரு வேணும்?

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

நானும் அப்பாவும் நலம். உன் நலம் அறிய ஆவல். இந்த வரியை எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். இதில் பாதி பொய். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். ஞாயிறு தோறும் நீ கூப்பிடுகிறாய், அப்பா பேசுகிறார். பிறகு நான் பேசும்போது அவர் என் தோளோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறார். நமக்கு இருப்பது இரண்டே அறை. அவரைப் பற்றி அவர் காதுபடச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் வேலை பார்க்கிற பல் கிளினிக்கில் உட்கார்ந்து எழுதுகிறேன். பல் பிடுங்க வந்தவருக்கு ஊசி போட்டாயிற்று, ஈறு மரத்துப்போகக் காத்திருக்கிறோம். டாக்டர் வழக்கம்போல "வலிக்காது, வலிக்காது" என்கிறார். வலிக்கும் என்று எனக்கும் தெரியும், நாற்காலியில் இருப்பவருக்கும் தெரியும்.

அப்பாவுக்குச் சொற்கள் இடம் மாறுகின்றன. செருப்புக்கடையில் காலமெல்லாம் பேசியே விற்றவர், ஏதோ விளையாட்டுக்குப் பேசுகிறார் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். போன வாரம் விளக்கைக் காட்டி, "அந்தச் சூரியனை அணைச்சிடும்மா, கண்ணு கூசுது" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. மறுநாள் காலையில் "என் கால் எங்க? என் காலை யாரு எடுத்தது?" என்று வீட்டையே புரட்டிப்போட்டார். தேடியது செருப்பை.

நரம்பு டாக்டரிடம் அழைத்துப்போனேன். தலையைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "முதல்ல வார்த்தை போகும். அப்புறம் முகம் போகும். எப்போன்னு யாராலயும் சொல்ல முடியாதும்மா" என்றார். பூசி மெழுகாமல் சொன்னார். நானும் அப்படியே சொல்கிறேன். உன் முகம் அவருக்குத் தெரியும்போதே ஒரு தடவை வந்துவிட்டுப் போ.

வேளைக்குச் சாப்பிடு. ராத்திரி கண் விழிக்காதே.

இப்படிக்கு,
அக்கா


ஜனவரி 30

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நலம். அங்கே அப்பா நலம் என்பதைப் போன ஞாயிற்றுக்கிழமை என் காதாலேயே கேட்டேன். "நல்லா இருக்கேன்டா தொரை. நீ சாப்பிட்டியா? வேலையெல்லாம் எப்படிப் போகுது? உடம்பப் பாத்துக்க." கணீரென்று பேசினார். ஒரு சொல் பிசகவில்லை. நீதான் சோர்ந்துபோயிருக்கிறாய் என்று நினைக்கிறேன்.

அந்த டாக்டர் அப்பாவை அரை மணி நேரம் பார்த்திருப்பாரா? நாம் பிறந்ததிலிருந்து பார்க்கிறோம். "ஊர்க்காரங்க காலைப் பிடிச்சுத்தான் உங்க ரெண்டு பேரையும் படிக்க வச்சேன்" என்பார். சொல்லும்போது உண்மையிலேயே யாருடைய காலையாவது மடியில் வைத்து அளவு பார்த்துக்கொண்டிருப்பார். சிலேடை என்றால் என்ன என்று பள்ளியில் சொல்லித்தருவதற்கு முன்பே எனக்குத் தெரிந்தது அந்த வீட்டில் பிறந்ததால்தான். இன்று கல்லூரியில் அணியும் இலக்கணமும் நடத்திச் சம்பளம் வாங்குகிறேன் என்றால் அது அவர் போட்ட விதை.

'சூரியனை அணை' என்பதைப் படித்துவிட்டு எழுந்தே நின்றுவிட்டேன். சூரியன் மாதிரி விளக்கு என்றுகூடச் சொல்லாமல் சூரியன் என்றே சொல்லிவிட்டார் பார். உவமையாகுபெயர்! 'என் கால் எங்கே' என்பதும் ஆகுபெயர்தான். பாலை இறக்கு என்கிறோம், இறக்குவது பாத்திரத்தை. உள்ளே இருப்பதன் பெயரை வெளியே இருப்பதற்குச் சொல்வது. செருப்புக்குள் கால். வேறு யாருக்கு வரும் இது?

வாசல் விளையாட்டு உனக்கு நினைவிருக்கிறதா? நான் தாமதமாக வந்தால் கதவைப் பாதி திறந்து, முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு, "யாரு வேணும்?" என்பார். நான் "இந்த வீட்டுத் தொரை இருக்காரா?" என்று கேட்க வேண்டும். "தொரை ஊர் சுத்தப் போயிருக்காரு. வந்தா சொல்றேன்" என்று கதவை என் மூக்குக்கு நேரே சாத்துவார். பத்து எண்ணுவதற்குள் மறுபடி திறந்து உள்ளே இழுத்துக்கொள்வார். விடை தெரிந்துகொண்டே கேட்பது அறிவினா, தெரியாமல் கேட்பது அறியா வினா. இந்த இரண்டையும் நான் வகுப்பில் எப்போதும் இந்தக் கதையைச் சொல்லித்தான் ஆரம்பிக்கிறேன்.

இப்போது மாணவர்களுக்காக ஓர் இலக்கண நூல் எழுதுகிறேன். செத்துப்போன எடுத்துக்காட்டுகளாக இல்லாமல், புழங்குகிற பேச்சிலிருந்து எடுக்க ஆசை. அப்பா சொல்வதையெல்லாம் அப்படியே எழுதி அனுப்பு, வாத்தியாரம்மா. ஐந்து வயதிலேயே அப்பாவின் பேச்சில் பிழை திருத்தி அவரிடமே அந்தப் பட்டம் வாங்கியவளுக்கு இது பெரிய வேலையா?

அன்புடன்,
தம்பி


பிப்ரவரி 14

அன்புள்ள தம்பிக்கு,

நலம் என்றே வைத்துக்கொள். மூன்று பக்கக் கடிதத்தில் 'வருகிறேன்' என்ற சொல் எங்கே என்று தேடினேன், அப்பா காலைத் தேடியதுபோல.

போன் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். முந்தாநாள் தவறான எண்ணில் யாரோ கூப்பிட்டார்கள். நான் எடுப்பதற்குள் அப்பா எடுத்துவிட்டார். "நல்லா இருக்கேன்டா தொரை. நீ சாப்பிட்டியா? வேலையெல்லாம் எப்படிப் போகுது? உடம்பப் பாத்துக்க." அதே கணீர்க் குரல், ஒரு சொல் பிசகவில்லை. அந்தப் பக்கத்தில் இருந்தவர் என்ன நினைத்தாரோ, "சாப்பிட்டேங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அம்மா விட்டுப்போன சால்வையைத் துவைத்துக் கொடியில் போட்டிருந்தேன். அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து, "அம்மா இன்னும் காயல" என்றார். நான் போய் அடுப்பைத் தணித்தேன். நேற்று சாப்பிட்டுவிட்டுக் கை கழுவி வந்து, என்னைப் பார்த்து ஒரு கும்பிடு. "உங்க வீட்டுல ரொம்ப நல்லா கவனிச்சுக்கறீங்க. ரொம்ப நன்றி" என்றார்.

கதவைத் தட்டுகிறவர்களை எல்லாம் உட்கார வைத்துக் காலைப் பிடிக்கிறார். கேஸ் கொண்டுவருகிற ஆளுக்கு எட்டாம் நம்பர். மாடிவீட்டு அக்காவுக்கு ஐந்து. அளவு மட்டும் தப்பவே இல்லை. மற்றதெல்லாம் கழன்று போகிறது, இது மட்டும் ஆணி அடித்தாற்போல் நிற்கிறது.

நீ எழுதி அனுப்பச் சொன்னாய், அனுப்பிவிட்டேன். உனக்கு எடுத்துக்காட்டு வேண்டும். எனக்கு நீ வேண்டும்.

இப்படிக்கு,
அக்கா


மார்ச் 8

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், உங்கள் நலமே விழைகிறேன்.

கோபப்படாதே. உன் கடிதத்தைப் படித்து எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் திரும்பத் திரும்பப் படித்தபோது வேறு ஒன்றும் தெரிந்தது. 'அம்மா இன்னும் காயல.' ஆகுபெயரில் இதை எந்த வகையில் போடுவது என்று சக ஆசிரியர்களோடு ஒரு மதியம் முழுக்கச் சண்டை போட்டேன். உடுத்தியவரின் பெயர் உடுத்தியதற்கு. பழைய வகைகள் எதிலும் சரியாக உட்காரவில்லை. அப்பா புதிதாக ஒரு வகையையே உண்டாக்கியிருக்கிறார்! 'உங்க வீட்டுல நல்லா கவனிச்சுக்கறீங்க' என்பது அப்பட்டமான வஞ்சப்புகழ்ச்சி. நீ அன்றைக்குச் சாப்பாட்டைத் தாமதமாகப் போட்டிருப்பாய், புகழ்வதுபோல் குத்தியிருக்கிறார். உண்மையைச் சொல், தாமதம்தானே?

எல்லாவற்றையும் நூலில் சேர்த்துவிட்டேன். 'ஒரு செருப்புக்கடைக்காரர் கூறியவை' என்று தனிப் பகுதி.

மூளை கெட்டவர் பேச்சில் இவ்வளவு அணி வராது, அக்கா. நம்பு.

அன்புடன்,
தம்பி


ஏப்ரல் 2

தம்பிக்கு,

சாப்பாடு தாமதமாகவில்லை.

செவ்வாய்க்கிழமை நான் கிளினிக்கில் இருக்கும்போது அப்பா வெளியே போய்விட்டார். அவர் வேலை பார்த்த செருப்புக்கடை இப்போது செல்போன் கடை. நேராக அங்கே போய், யாரோ போன் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் முன்னால் தரையில் உட்கார்ந்து, அவள் காலை எடுத்து மடியில் வைத்திருக்கிறார். அவள் அலறிவிட்டாள். கூட்டம் கூடிவிட்டது. கடைக்காரர் பழைய ஆள், முகம் தெரிந்தவர், அதனால் போலீஸ் வரை போகவில்லை. நான் ஓடிப்போனபோது அப்பா சுவரோரமாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். சட்டைப் பொத்தான் ஒன்று அறுந்திருந்தது. "சின்ன கால்தாம்மா. நாலு நம்பர். ஏன் கத்தினாங்கன்னு தெரியல" என்றார்.

இது என்ன அணி? எழுதிவிடாதே, சும்மா கேட்டேன்.

இப்போது வேலைக்குப் போகும்போது வெளியே பூட்டிவிட்டுப் போகிறேன். திரும்பி வரும்போது கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருக்கிறார். எத்தனை நேரமாக நிற்கிறார் என்று கேட்க எனக்குப் பயம்.

ஒரே ஒரு கேள்வி. வருவாயா? ஆம், இல்லை, இரண்டில் ஒன்றைச் சொல்.

அக்கா


ஏப்ரல் 27

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் என்று எழுத முடியவில்லை. பத்து நாளாகக் காய்ச்சல், இப்போதுதான் எழுந்து உட்கார்ந்தேன். அதனால்தான் பதில் தாமதம்.

கடை விஷயம் படித்துத் தூக்கமே வரவில்லை. நான் வராமல் இருப்பேனா? என்னைப் பற்றி அப்படியா நினைக்கிறாய்? இப்போது கிளம்பினால் நூல் அச்சுக்குப் போகாமல் நின்றுவிடும், அடுத்த வருஷத்துக்குத் தள்ளிவிடுவார்கள். நீயே கொஞ்ச நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு அப்பாவை இங்கே அழைத்து வாயேன். இடமாற்றம் அவருக்கும் நல்லது. இதற்கிடையில் கதவில் மாட்டுகிற மணி ஒன்று வாங்கி அனுப்புகிறேன், கதவு திறந்தால் சத்தம் போடும்.

அப்பாவின் பகுதி அச்சுக் கோத்து வந்துவிட்டது. இந்தக் கடிதத்தோடு ஒரு பிரதி வைத்திருக்கிறேன். அவருக்குப் படித்துக் காட்டு.

அன்புடன்,
தம்பி


மே 10

தம்பிக்கு,

மணி வந்தது. அப்பா அதைக் காதில் வைத்து, "நல்லா இருக்கேன்டா தொரை" என்றார்.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நீ மட்டும்தான் இலக்கணம் படித்தாயா? நானும் அதே பள்ளியில், அதே வாத்தியாரிடம், உனக்கு முன்பே படித்தவள். விடை எட்டு வகை என்று மனப்பாடம் செய்தோமே, உன் கடிதத்தை வைத்து ஒப்பித்துப் பார்த்தேன். 'வருவாயா' என்று கேட்டேன். 'காய்ச்சல் வந்தது' என்றாய். நடந்ததைச் சொல்லி நழுவுவது, உற்றது உரைத்தல். 'வந்தால் நூல் நின்றுவிடும்' என்றாய். நடக்கப்போவதைச் சொல்லி நழுவுவது, உறுவது கூறல். 'வராமல் இருப்பேனா' என்றது கேள்விக்குக் கேள்வி. 'நீயே அழைத்து வா' என்றது ஏவல். கேட்டது ஒன்றிருக்க மணியை அனுப்பினாய் பார், அது இனமொழி. ஐந்து வகை ஒரே பக்கத்தில்! நான் கேட்ட 'ஆம்' என்னும் நேர் விடை, 'இல்லை' என்னும் மறை விடை, இந்த இரண்டையும்தான் காணோம். உன் நூலுக்கு என்னிடமிருந்தும் ஒரு பகுதி எடுத்துக்கொள். கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் ஒன்று கூறியவை என்று தலைப்புப் போடு.

அச்சான தாளை அவரிடம் கொடுத்தேன். தடவிப் பார்த்தார். மடித்து, செருப்புக்கு உள்ளே வைக்கிற அட்டையைப்போல அளவு பார்த்தார்.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். இந்த வீட்டில் சூரியனை அணைக்கத் தொடங்கியாயிற்று. இனிமேல் கேட்க மாட்டேன்.

அக்கா


ஜூன் 1

அக்கா,

வருகிறேன். பதினான்காம் தேதி, மதியம்.

தம்பி


ஜூன் 22

அன்புள்ள தம்பிக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருப்பாய். நாங்கள் நலம். இந்தத் தடவை முழுசாகவே எழுதுகிறேன், நலம்.

நீ வந்த அன்று பெல் சத்தம் கேட்டபோது நான் அடுப்படியில் தேநீர் போட்டுக்கொண்டிருந்தேன். அப்பா போய்க் கதவைத் திறந்ததும், "யாரு வேணும்?" என்றதும் கேட்டது. "இந்த வீட்டுத் தொரை இருக்காரா?" என்றாய். "தொரை வெளியூர்ல இருக்காரே" என்றார். அப்புறம் நீ சிரித்தாய், அவரும் சிரித்தார். எத்தனை நாளாயிற்று அவர் சிரித்து! மாடிவீட்டு அக்காவிடமும், கிளினிக்கில் டாக்டரிடமும், வரிசையில் பல்வலியோடு உட்கார்ந்திருந்தவர்களிடமும்கூடச் சொல்லிவிட்டேன், அப்பா தம்பியைக் கண்டுபிடித்துவிட்டார் என்று.

நான்கு நாள் இருப்பதாகச் சொன்ன நீ மறுநாள் விடிந்ததும் பெட்டியைத் தூக்கிவிட்டாய். வைத்த சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தாய். ஏன் என்று கேட்கவில்லை, வேலை இருந்திருக்கும்.

ஒன்று மட்டும் சொல். நான் சுவருக்கு இந்தப் பக்கம், காதால் கேட்டவள். நீ அவர் முகத்துக்கு நேராக நின்றவன். அப்பா கேட்டது அறிவினாதானே? அறியா வினா இல்லையே?

நிறைய அன்புடன்,
அக்கா


ஜூலை 28

தம்பிக்கு,

நலமா? ஞாயிற்றுக்கிழமை போனில் மழையைப் பற்றியே பேசிவிட்டு வைத்துவிட்டாய். என் கடிதம் கிடைத்ததா என்று தெரியவில்லை. அதில் ஒரு கேள்வி கேட்டிருந்தேன்.

அக்கா


செப்டம்பர் 5

அன்புள்ள அக்காவுக்கு,

உன் இரண்டு கடிதமும் கிடைத்தன. மேசை மேலேயே இருக்கின்றன. ஆறேழு தடவை பதில் எழுத ஆரம்பித்துக் கிழித்தேன். ஒவ்வொன்றிலும் நீ சொன்ன எட்டு வகையில் ஏதோ ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டது. இப்போது நேராகச் சொல்கிறேன்.

அப்பா கதவைப் பாதி திறந்தார். "யாரு வேணும்?" என்றார். முகம் கல் மாதிரி இருந்தது, பழைய மாதிரியே. எனக்கு உடம்பெல்லாம் சிரிப்பு. அக்கா பயந்ததெல்லாம் வீண், மனிதர் அப்படியே இருக்கிறார் என்று நினைத்தேன். என் வசனத்தைச் சொன்னேன். அவர் தன் வசனத்தைச் சொன்னார். 'ஊர் சுத்தப் போயிருக்காரு' என்பது 'வெளியூர்ல இருக்காரே' என்று மாறியிருந்தது, அவ்வளவுதான். அடுத்து அவர் கதவைச் சாத்த வேண்டும். நான் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தபடி காத்திருந்தேன்.

கதவைச் சாத்தவில்லை, அக்கா. முழுக்கத் திறந்தார். "வெயில்ல நிக்காதீங்க சார், உள்ள வாங்க" என்றார்.

என்னை நாற்காலியில் உட்கார வைத்தார். தான் தரையில் உட்கார்ந்தார். என் செருப்பைக் கழற்றி, காலை மடியில் வைத்து, குதிகாலிலிருந்து விரல் வரை கையால் அளந்தார். "ஒன்பது" என்றார். அப்புறம் இடது காலை எடுத்தார். "எங்க தொரைக்கும் இதே அளவுதான் சார். இதே மாதிரி இடது கால் ஒரு நூல் பெரிசு. அவனுக்கு எப்பவும் இடதுக்குப் பார்த்துத்தான் எடுக்கணும், இல்லேன்னா கடிக்கும்" என்றார். "வருவாரா?" என்று கேட்டேன். எப்படிக் கேட்டேன் என்று தெரியவில்லை. "அவருக்கு எங்க சார் நேரம்? பெரிய படிப்பு. புத்தகம் எழுதறாரு" என்றார். பெருமையாகத்தான் சொன்னார். வஞ்சப்புகழ்ச்சி இல்லை. நான் தேடிப் பார்த்துவிட்டேன், ஒரு துளிகூட இல்லை.

நான் சிரித்துக்கொண்டே இருந்தேன். நிறுத்தினால் என்ன ஆவேன் என்று பயமாக இருந்தது. நான் சிரிப்பதைப் பார்த்து, வந்தவருக்கு மரியாதையாக அவரும் சிரித்தார். உனக்குக் கேட்டது அந்தச் சிரிப்புதான். நீ தேநீரோடு வந்து, "பாத்தியா, கண்டுபிடிச்சிட்டாரு!" என்றாய். உன் முகத்தைப் பார்த்த பிறகு சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அதனால்தான் விடிந்ததும் ஓடினேன்.

நூல் வந்துவிட்டது. அந்தப் பகுதியை எடுத்துவிடச் சொல்லிக் கேட்டேன், அச்சாகிக் கட்டும் போட்டாயிற்று என்றார்கள். 'அம்மா இன்னும் காயல' என்பதை வகுப்பில் பிள்ளைகள் சத்தமாகப் படிக்கிறார்கள். ஒரு பெண் எழுந்து, "சார், இதைச் சொன்னவருக்கு இது அணின்னு தெரியுமா?" என்று கேட்டாள். கரும்பலகையை அழித்துக்கொண்டு நின்றேன்.

அறியா வினாதான், அக்கா. இனி நான் வந்து என்ன செய்ய?

தம்பி


செப்டம்பர் 19

அன்புள்ள தம்பிக்கு,

எனக்குத் தெரியும்.

அன்றைக்கு நான் சுவருக்கு இந்தப் பக்கமே இருந்தேன் என்று எழுதியது பொய். அவர் உன் இடது காலை எடுத்தபோது டம்ளர்களோடு நடுக்கதவில் நின்றிருந்தேன். உன் முதுகுதான் தெரிந்தது. திரும்பிப் போய், கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவிவிட்டு வந்தேன். நீ சிரித்துக்கொண்டிருந்தாய், உனக்காவது அந்தச் சந்தோஷம் இருக்கட்டும் என்றுதான் 'கண்டுபிடிச்சிட்டாரு' என்றேன். கிளினிக்கில் தினமும் 'வலிக்காது' என்று கேட்டுக் கேட்டு எனக்கும் அந்தப் பழக்கம் வந்துவிட்டது.

நீ போன பிறகு தாங்க முடியவில்லை. இத்தனை மாதமாக இதை நான் மட்டும் தெரிந்து வைத்திருந்தேன். இன்னொரு ஆள் வாயால், நம் வீட்டு ஆள் வாயால், ஒரு தடவை கேட்டுவிட்டால் போதும் என்று இருந்தது. அதற்காகத்தான் கேட்டேன். நான் கேட்டதுதான் அறிவினா, தம்பி.

வந்து என்ன செய்ய என்கிறாய். எனக்கும் தெரியவில்லை. மருந்து மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள், ஒன்றும் பிடிபடவில்லை. ஆனாலும் வா. மகனாக வராவிட்டால் போகிறது, ஒன்பதாம் நம்பர் காலோடு வா. அவருக்கு வாடிக்கையாளர் வந்தால் பிடிக்கிறது.

நேற்று கிளினிக்கிலிருந்து வந்து பூட்டைத் திறந்தேன். வழக்கம்போல அந்தப் பக்கம் நின்றிருந்தார். கதவைப் பாதி பிடித்துக்கொண்டு, "யாரு வேணும்?" என்றார். உன்னிடம் கேட்டது என்னிடம் வர மூன்று மாதம் ஆகியிருக்கிறது. வாயில் வந்தது உன் வசனம்தான். "இந்த வீட்டு வாத்தியாரம்மா இருக்காங்களா?" என்றேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "இருக்காளே! அடுப்படியில இருப்பா. நில்லுங்க, கூப்பிடறேன்" என்று உள்ளே போனார். "வாத்தியாரம்மா! ஏ வாத்தியாரம்மா! உன்னைப் பாக்க யாரோ வந்திருக்காங்க பாரு!" இரண்டு அறையிலும் தேடுகிறார், கூப்பிடுகிறார், எனக்குக் கேட்கிறது. வருஷக்கணக்காக அவர் என்னை அப்படி அழைக்கவில்லை. பதில் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை. வாசலில் நின்றுகொண்டு எப்படிப் பதில் சொல்வது?

பையைக் கீழே வைத்துவிட்டு, வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனேன். பின்கதவின் பூட்டையும் திறந்து அடுப்படி வழியாக உள்ளே வந்து, "இதோ இருக்கேன்பா" என்றேன்.

"எங்கம்மா போயிட்ட? எவ்வளவு நேரமாத் தேடறேன்!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். "வாசல்ல யாரோ ஒரு பொண்ணு நிக்குது. பாவம், ரொம்பக் களைப்பா இருக்கு. போய் என்னன்னு கேளு."

போய்ப் பார்த்தேன்.

இப்படிக்கு,
அக்கா